கொள்ளிடத்துச் சுழி

போன ஆடி மாதம் மாமா ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். ஏதோ ஐரோப்பியக் கிராமத்து ஓடை. பக்கத்தில் வட்டமாக ஒரு கான்கிரீட் தொட்டி. தண்ணீர் தொட்டியின் ஓரமாக நுழைந்து, சுற்றிச் சுற்றி, நடுவில் உள்ள ஓட்டை வழியாக இறங்குகிறது. அந்தச் சுழலுக்கு நடுவில் ஒரு சக்கரம் அவசரமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. மீன்கூட அடிபடாமல் கடந்துபோகும் என்கிறது பின்னணிக் குரல். அடுத்து ஒரு நத்தைக்கூடு, ஒரு சூறாவளி, ஒரு பால்வெளி மண்டலம் என்று காட்டிவிட்டு, இதெல்லாம் இயற்கையின் ரகசியம் என்று முடித்துக்கொள்கிறது.

அதற்குக் கீழே மாமாவின் வாய்ஸ் மெசேஜ்: "ஏன் மாப்ள, நம்ம அணைக்கரைல இல்லாத சுழியா? இதுல ஒண்ணு வெச்சா நம்ம ஊருக்குக் கரண்டு ஆகாதா? நீ இன்ஜினியருதான, ஒரு கணக்குப் போட்டுச் சொல்லு."

மாமாவுக்கு அரியலூர் மாவட்டத்தில் தா.பழூர் பக்கம் ஊர். வயலிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் கொள்ளிடம். ஆனால் நெல்லுக்குத் தண்ணீர் போர்வெல்லில் இருந்துதான். மும்முனைக் கரண்டு எப்போது வரும் என்று பார்த்திருந்து மோட்டார் போடப் போகிறவர். அவர் கேட்டது பொழுதுபோக்குக் கேள்வி இல்லை.

நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு மென்பொருள் எழுதுகிறவன். இப்படி வரும் வீடியோக்களைப் பெரும்பாலும் பார்க்காமலேயே கடந்துவிடுவேன். இந்த முறை என்னை நிறுத்தியது அவர் சொன்ன 'சுழி' என்ற சொல். சின்ன வயதில் லீவுக்குப் போனால் ஆற்றுக்குக் கிளம்பும்போதே அத்தை வாசலில் நின்று கத்துவார்: "கரையோரமா நில்லுங்கடா, சுழி இழுத்துரும்." எங்களுக்குச் சுழி என்றால் சாவு. அதில் விளக்கு எரியும் என்று ஒருவர் சொல்கிறார் என்றால், கொஞ்சம் தேடிப் பார்க்கத்தானே வேண்டும்?

நத்தைக்கூடு

வீடியோவில் வந்த நத்தைக்கூட்டில் இருந்தே தொடங்கலாம். அந்த வடிவம் எங்கள் பக்கத்துக்கு மிகப் பழைய சொந்தம். பெரம்பலூர் மாவட்டத்தில் காரை, குளக்காநத்தம் பக்கம் போனால் மழை அரித்துப் பள்ளம் பள்ளமாக்கிய களிமண் மேடுகளைப் பார்க்கலாம். செடிகொடி அதிகம் இருக்காது. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு அது கடலடி. கணவாய் மீனின் தூரத்து உறவான அம்மோனைட் அந்தக் கடலில் சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்தது. அந்த ஓடுகள் இன்றும் கல்லாகக் கிடைக்கின்றன. 1840களிலேயே இங்கே சேகரித்த புதைபடிவங்கள் லண்டன் வரை போய்விட்டன. 1862இல் ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பாறைகளை உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று அடுக்குகளாகப் பிரித்து எழுதினார். இன்றைய சிமென்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லும் அந்தப் பழைய கடல் விட்டுப்போனதுதான். ஆசைப்படுகிறவர்கள் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பார்க்கலாம்.

நீர்மின் நிலையங்களில் இருக்கும் ஃபிரான்சிஸ் டர்பைனின் உறையும் அச்சு அசல் அம்மோனைட் மாதிரியே இருக்கும். கல்லூரி லேபில் அதை முதன்முதலாகப் பார்த்தபோது, யாரோ ஓர் இன்ஜினியர் இந்த ஓட்டைப் பார்த்துத்தான் வரைந்திருப்பார் என்று நானும் நினைத்தேன். அப்படி இல்லை. தண்ணீர் அந்தக் குழாய் வழியாகச் சக்கரத்தைச் சுற்றி வரும்போது, ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திரும்பிச் சக்கரத்துக்குள் போய்விடுகிறது. மிச்சத் தண்ணீர் அதே வேகத்தில் ஓட வேண்டும் என்றால் குழாயும் கூடவே குறுகிக்கொண்டே வர வேண்டும். அதனால் அந்த வடிவம். அம்மோனைட்டின் கணக்கு வேறு. உடம்பு வளர வளரப் பெரிய அறை வேண்டும், ஆனால் மொத்த வடிவம் மாறக்கூடாது. ஒன்று குறைந்துகொண்டே போகும் தண்ணீருக்கான வடிவம். இன்னொன்று வளர்ந்துகொண்டே போகும் உயிருக்கான வடிவம். பார்க்க ஒன்றுபோல இருக்கின்றன, அவ்வளவுதான்.

மாமா அனுப்பிய தொட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆஸ்திரியாவில் விக்டர் ஷௌபெர்கர் (1885-1958) என்ற வனக்காவலர் இருந்தார். வேகமாக ஓடும் மலை ஓடையில் டிரௌட் மீன் அசையாமல் நிற்பதைப் பார்த்துப் பார்த்து, தண்ணீரின் பலமெல்லாம் சுழலில்தான் இருக்கிறது என்று நம்பத் தொடங்கினார். வெட்டிய மரங்களைத் தண்ணீரிலேயே மிதக்கவிட்டு மலையிறக்கும் கால்வாய்களை நன்றாகவே கட்டினார். பிறகு அவர் பேச்சு அறிவியலைத் தாண்டி எங்கெங்கோ போனது. இன்றும் அவரைக் கிட்டத்தட்டச் சாமியாராகக் கும்பிடும் கூட்டம் இருக்கிறது. அதே நாட்டில் ஃபிரான்ஸ் சோட்லோட்டரர் என்ற பொறியாளர், தண்ணீரில் காற்றைக் கலக்க வழி தேடிக்கொண்டிருந்தபோதுதான் சுழல் தொட்டியில் மின்சாரமும் எடுக்கலாம் என்று கண்டார். 2000களின் நடுவில் ஓபர்கிராஃபென்டார்ஃப் என்ற ஊரில் முதல் தொட்டியைக் கட்டினார். ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் இறக்கம், கிடைப்பது சில கிலோவாட். இந்த மாதிரித் தொட்டிகளின் செயல்திறன் பல ஆய்வகச் சோதனைகளில் 30, 40 சதவீத அளவில்தான் இருந்திருக்கிறது. நல்ல ஃபிரான்சிஸ் டர்பைன் 90 சதவீதத்தைத் தொடும்.

அப்படியென்றால் சுழலை மறந்துவிடலாமா? வடிவத்தை வேண்டுமானால் மறந்துவிடலாம். சுழல் என்ன செய்கிறது என்பதை எங்கள் ஊர்க்காரர்களால் அவ்வளவு சுலபமாக மறக்க முடியாது.

நவம்பர் 23

1956 நவம்பர் 23, விடியற்காலை. சென்னையிலிருந்து போய்க்கொண்டிருந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டிக் கல்லகம் நோக்கிப் போகிறது. இடையில் மருதையாறு. பச்சைமலைப் பக்கம் பிறந்து, பெரம்பலூர், அரியலூர் வழியாக வந்து கொள்ளிடத்தில் சேரும் சின்ன ஆறு. வருடத்தில் பாதி நாள் மணல்தான் தெரியும். அன்றைக்கு மழை வெள்ளத்தில் பாலத்தருகே பாதையை அது அடித்துக்கொண்டு போயிருந்தது. இன்ஜினும் பெட்டிகளும் ஆற்றுக்குள் விழுந்தன. செத்தவர்கள் நூறு பேருக்கு மேல்.

ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் விபத்தின்போதே அவர் விலக முன்வந்திருந்தார். அப்போது நேரு ஏற்கவில்லை, இந்த முறை ஏற்றுக்கொண்டார். துணை அமைச்சர் ஓ.வி. அழகேசனும் விலகினார். அடுத்த தேர்தலில் 'அரியலூர்', 'அழகேசன்' இரண்டையும் மோனையாகச் சேர்த்து ஒரு முழக்கம் தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. எங்கள் தாத்தா அதற்குப் பிறகு ராத்திரி ரயிலில் ஏறியதே இல்லை. இன்றைய அரியலூர் மாவட்டம் பிறந்ததும் ஒரு நவம்பர் 23தான், 2007இல்.

பெருவெள்ளத்தில் பாலம் போவதைத் தண்ணீர் வந்து இடித்துத் தள்ளுவதாகத்தான் நாம் மனதில் வைத்திருக்கிறோம். பெரும்பாலும் நடப்பது வேறு. ஓடும் தண்ணீர் தூணில் மோதியதும் ஒரு பங்கு கீழ்நோக்கித் திரும்பி, தூணின் காலடியில் உருண்டு சுழல்கிறது. மேலிருந்து பார்த்தால் குதிரை லாடம் மாதிரி தூணைக் கட்டிக்கொண்டிருக்கும். அது மணலைத் துருவி எடுத்துக்கொண்டே போகும். மேலே எல்லாம் சரியாகத்தான் தெரியும். அடியில் ஒரு நாள் பிடிமானம் இருக்காது.

2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது, திருச்சியில் பழைய கொள்ளிடம் பாலத்தின் சில தூண்கள் சாய்ந்தன. அதே மாதம் 22ஆம் தேதி இரவு முக்கொம்பு மேலணையில் 45 மதகுகளில் 9 போய்விட்டன. மணல் அள்ளி அள்ளி ஆற்றின் தரை தாழ்ந்ததே காரணம் என்று விவசாயிகள் சொன்னார்கள், அரசு மறுத்தது. எது எப்படியோ, காலடியில் மணல் இல்லாத தூண் நிற்காது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

கல்லைத் தின்ற மணல்

இப்போது கொஞ்சம் பின்னால் போக வேண்டும். முக்கொம்பு மேலணை, மாமா சொன்ன அணைக்கரைக் கீழணை, இரண்டையும் 1836இல் கட்டியவர் ஆர்தர் காட்டன். (கீழணைக்கான கல்லுக்காகப் பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதிலைப் பெயர்த்தார்கள். அந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் சுற்றுச்சுவர் எங்கே என்று கேட்டால், அணைக்கரையில் தண்ணீருக்குள் இருக்கிறது என்று சொல்லலாம்.) ஆழம் தெரியாத மணலில் எப்படி அஸ்திவாரம் போட்டார்? அதை இந்த ஊர்க்காரர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டோம் என்ற பொருளில் காட்டனே எழுதியிருக்கிறார். அவர் பாடம் படித்த இடம் கல்லணை.

கரிகாலன் காலத்தது என்று நாம் சொல்லும் கல்லணையின் அடிப்படை உத்தி இதுதான்: மணல் ஆற்றில் ஒரு பெரிய கல்லைப் போடு. தண்ணீர் அதைச் சுற்றிச் சுழலும், அடி மணலை அரிக்கும், கல் இறங்கும். அதன்மேல் இன்னொரு கல். அதுவும் இறங்கும். இனிமேல் இறங்காது என்கிற வரைக்கும் போட்டுக்கொண்டே இரு. மருதையாற்றில் ரயிலைக் கவிழ்த்த அதே அரிப்பை இங்கே கூலி கேட்காத ஆளாக வேலைக்கு வைத்திருக்கிறார்கள். அஸ்திவாரத்தைத் தோண்டியது ஆறு. மனிதர்கள் கல்லை மட்டும் கொண்டுவந்து போட்டார்கள்.

இயற்கையிடம் கற்றுக்கொள்வது என்று யாராவது பேசினால் எனக்கு இப்போது நினைவுக்கு வருவது நத்தைக்கூடு இல்லை, இந்தக் கல்தான். தண்ணீர் எப்படியும் ஒரு வேலையைச் செய்யப்போகிறது. அதைத் தடுக்க முடியாது. நம் பக்கம் திருப்பிக்கொள்ள முடியுமா என்று கேட்பது. மின்சாரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க ரொம்ப காலம் ஆனது.

செத்த மீன் நீந்திய கதை

காற்றில் கம்பி ஏன் பாடுகிறது என்று 1878இல் செக் நாட்டு அறிஞர் ஸ்ட்ரௌஹால் ஆராய்ந்தார். அதன் சுருதி காற்றின் வேகத்தையும் கம்பியின் தடிமனையும் பொறுத்தது என்று கண்டார். 1911 வாக்கில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஹீமென்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர் தண்ணீரில் ஓர் உருளையை நிறுத்தி அழுத்தத்தை அளந்துகொண்டிருந்தார். தண்ணீர் நிலையாகவே நிற்கவில்லை, ஆடிக்கொண்டே இருந்தது. உருளை சரியான வட்டமாக இருக்காது என்றார் பேராசிரியர் பிராண்டில். இழைத்தார்கள். மறுபடியும் ஆடியது. பக்கத்து அறையிலிருந்த இளைஞர் தியோடர் ஃபான் கார்மன் தினமும் காலையில் வந்து, "இன்றைக்காவது நின்றதா?" என்று கேட்பார். இல்லை என்றே பதில் வரும். தப்பு உருளையில் இல்லை, தண்ணீரின் சுபாவமே அதுதானோ என்று கார்மன் உட்கார்ந்து கணக்குப் போட்டார். உருளைக்குப் பின்னால் வலது, இடது என்று மாறி மாறிச் சுழல்கள் கழன்றுபோகும். அந்த வரிசைதான் நிலைத்து நிற்கும் என்று வந்தது. இன்று அதற்குக் 'கார்மன் சுழல்தெரு' என்று பெயர்.

கணக்கு எளிது. பத்து சென்டிமீட்டர் தடிமனுள்ள கழியை விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரில் ஊன்றினால், விநாடிக்கு இரண்டு முறை அதைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டுப் போகும். ஆற்றில் ஊன்றிய மூங்கில் கையில் நடுங்குவதைப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

டிரௌட் மீனுக்கும் தெரியும். 2003இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் லியாவோ, ஜார்ஜ் லாடர் முதலான ஆய்வாளர்கள், ஓடும் நீரில் ஓர் உருளையை நிறுத்தி அதன் பின்னால் டிரௌட்டை விட்டுப் பார்த்தார்கள். மீன் சுழல்களுக்கு இடையில் பாய்மரம் போல உடம்பை வளைத்துக் கொடுத்து, தசையை ரொம்பக் குறைவாகவே பயன்படுத்தி நின்ற இடத்தில் நின்றது. 2006இல் வெளியான அடுத்த ஆய்வுதான் என்னை உலுக்கியது. அதே மாதிரிச் சுழல்களுக்குள் ஒரு செத்த மீனை வைத்தார்கள். அதன் உடம்பு சுழலுக்கு ஏற்ப வளைந்து வளைந்து, ஓட்டத்தை எதிர்த்து மேலே போனது. உயிர் இல்லாத மீன், எதிர்நீச்சல்! புதுவெள்ளம் வந்ததும் மடையில் மீன் எதிரேறுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதன் வீரத்தில் ஒரு பங்கு தண்ணீருடையது என்று அப்போதுதான் தெரிந்தது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பெர்னிட்சாஸ் என்ற கடல்சார் பொறியியல் பேராசிரியர். கடலில் எண்ணெய் எடுக்கும் நீளக் குழாய்கள் இதே சுழல்களால் அதிர்ந்து அதிர்ந்து உடையும். அதை எப்படி அடக்குவது என்றே அந்தத் துறை பல ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டது. அவரும் அதில் ஒருவர். பிறகு அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். அடக்குவதற்குப் பதிலாக ஆடவிட்டால்? ஸ்பிரிங்கில் மாட்டிய உருளைகளைத் தண்ணீருக்கடியில் படுக்கை வசத்தில் வைத்தார். சுழல்கள் அவற்றை மேலும் கீழும் தள்ளும். அந்த அசைவில் ஜெனரேட்டர் ஓடும். அதற்கு 'விவேஸ்' என்று பெயர் வைத்து, செயின்ட் கிளேர் ஆற்றில் சோதித்தார்கள். நாம் நடக்கும் வேகத்தில் ஓடும் தண்ணீரே அதற்குப் போதும் என்பதுதான் அதன் சிறப்பு. அவர் செய்தது கல்லணைக்காரர்கள் செய்ததுதான்: எதிரிக்கு வேலை கொடுப்பது.

மாமாவுக்கான கணக்கு

சரி, அணைக்கரைக்கு வருவோம்.

விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரில், ஒரு சதுர மீட்டர் குறுக்குப் பரப்பைக் கடக்கும் ஆற்றல் 500 வாட். எந்தக் கருவியாலும் அதை முழுக்க எடுக்க முடியாது. நல்ல கருவி மூன்றில் ஒரு பங்கு எடுத்தால் 165 வாட். இரண்டு மின்விசிறி சுற்றும். மாமாவின் 5 எச்.பி. மோட்டாருக்கு, இழப்பையும் சேர்த்து, ஏறத்தாழ 5 கிலோவாட் வேண்டும். அப்படியென்றால் 30 சதுர மீட்டர்: ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் முப்பது மீட்டர் நீளத்துக்குக் கருவி. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. ஆனால் அந்த வேகம் வெள்ளத்தில்தான் வரும். வெள்ளத்தில் கருவி நிற்குமா என்பதை முக்கொம்பைக் கேட்க வேண்டும்.

அணையின் இறக்கத்தைப் பயன்படுத்தலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். கொள்ளிடம் ஒரு வடிகால். காவிரிக்கு மிஞ்சியதுதான் அதற்கு. மேட்டூர் நிரம்பி வழிந்தால் லட்சக்கணக்கான கன அடி, இல்லையென்றால் மணல். வெள்ளம் வரும்போது தாழ்வான அணைக்குக் கீழேயும் தண்ணீர் உயர்ந்து, மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் குறைந்துவிடும். தண்ணீர் இருக்கும்போது இறக்கம் இருக்காது; இறக்கம் இருக்கும்போது தண்ணீர் இருக்காது.

இயற்கையின் நேரக்கணக்கு நம்முடையது இல்லை என்பதை நம்மவர்கள் ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருக்கிறார்கள். திருவனந்தபுரம் பக்கத்தில் விழிஞ்ஞத்தில் சென்னை ஐஐடிக்காரர்கள் 1991இல் ஓர் அலைமின் நிலையம் அமைத்தார்கள். கடற்குகைக்குள் அலை புகும்போது பாறைத் துளை வழியே காற்று சீறும் இல்லையா, அதே வேலையைச் செய்யும் கான்கிரீட் அறை. அலை ஏறினால் காற்று வெளியே, இறங்கினால் உள்ளே. இரண்டு பக்கமும் காற்று வீசினாலும் ஒரே திசையில் சுற்றும் வெல்ஸ் டர்பைன். 150 கிலோவாட் திறன். தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளிக்கும்போது நன்றாக ஓடியது. மற்ற மாதங்களில் அலையே சோர்ந்துவிடும். பின்னாளில் சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் அதைக் கொண்டு கடல்நீரைக் குடிநீராக்கியும் பார்த்தது. இன்று அது இயங்கவில்லை. தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடலிடம் கேட்டார்கள், கடல் தன் பதிலைச் சொன்னது.

மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, அந்த வீடியோவுல இருக்கிற தொட்டி ஒண்ணு வெச்சா உங்க ஒரு மோட்டார் ஓடும்."

"பரவால்லயே. அப்ப வெச்சுரலாமா?"

"அதுக்கு விநாடிக்கு 35 கன அடி தண்ணி ஓடணும். ராத்திரி பகலா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரித்தார். "ஏன் மாப்ள, 35 கன அடி என் வயலோரமா ஓடுச்சுன்னா, நான் எதுக்குடா மோட்டார் போடுறேன்?"

நான் போட்ட எல்லாக் கணக்கையும்விட அது சரியான விடை.

முடியவே முடியாது என்று அவரிடம் சொல்லவில்லை. வருடத்தில் பல மாதம் ஒரே அளவில் ஓடும் பெரிய பாசன வாய்க்கால்களில், தண்ணீர் படிபோல இறங்கும் இடங்களில், இந்த மாதிரிச் சின்னக் கருவிகளுக்கு வேலை இருக்கிறது. வெள்ளமும் வராது, வறட்சியும் சட்டென்று வராது. ஆனால் அங்கேயும் முதலில் கேட்க வேண்டியது எந்தக் கருவி என்று இல்லை. தண்ணீர் எத்தனை நாள் வரும் என்றுதான்.

போன மாதம் ஊருக்குப் போய்விட்டுத் திருச்சியிலிருந்து ரயிலில் திரும்பினேன். கல்லகம் தாண்டியதும் வாசலில் வந்து நின்றேன். மருதையாறு சில விநாடிகளில் முடிந்துவிட்டது. அடியில் நூல் மாதிரி ஒரு ஓட்டம். பாலத்துத் தூணில் பட்டு அது இரண்டாகப் பிரிந்தது. தூணுக்குப் பின்னால் தேங்கிய நீரில் சின்னதாக ஒரு சுழி, பக்கத்தில் இன்னொன்று. ஒரு தெர்மாகோல் துண்டு அதில் சிக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது.